டார்ப்பி வீட்டுச் சூப்

தவக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ராஸ்கீல் கோயில் வாசலில் இளவட்டங்கள் கையில் சுண்ணாம்புக் கட்டியோடு நிற்பார்கள். கல்யாண வயசைத் தாண்டியும் ஒண்டிக்கட்டையாக இருக்கிற ஆணோ பெண்ணோ பூசைக்கு வந்தால், பின்னாலேயே போய் முதுகில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். கோடு வாங்கியவர் திரும்பித் துரத்துவார், மற்றவர்கள் சிரிப்பார்கள். தவக்காலம் பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது. இந்த வருஷமும் கோட்டைவிட்டாயே என்று கேலி பண்ணுவதற்கு ஊர் வைத்திருந்த வழி அது.

மலாக்கி டார்ப்பிக்கு அந்த வருஷம் முப்பத்து மூன்று. பன்னிரண்டு ஏக்கர் நிலம், இரண்டு பசு, வயசான தாய், குடிக்காத பழக்கம். இதெல்லாம் இருந்தும் அவன் முதுகில் ஒரு வருஷம்கூடக் கோடு விழுந்ததில்லை. கேலி பண்ணுவதற்குக்கூட அந்த வீட்டை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை.

"சூப்புக்காரங்க" என்றால் ராஸ்கீலில் டார்ப்பி வீடுதான். பஞ்சம் வந்து எண்பது வருஷம் ஆகியிருந்தது. ஊர் வயிறு நம்பியிருந்த உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே கறுத்து அழுகி, ஊரில் பாதி செத்து, மீதியில் பாதி கப்பலேறிய காலத்தில், விரிகுடாவின் அந்தப் பக்கம் வேறு சபைப் பாதிரியார் ஒருவர் கொட்டகை போட்டுச் சூப் காய்ச்சினார். பிள்ளைகளைத் தன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, பழைய வேதத்தை விட்டுவிட்டேன் என்று கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத்தான் அந்தச் சூப். மலாக்கியின் தாத்தா பீட்டர் டார்ப்பி கையெழுத்துப் போட்டார். ஊருக்கு அது போதும். பஞ்சம் முடிந்து அவர் மூன்று ஞாயிறு கோயில் வாசலில் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வந்தார். சாமியார் மன்னித்தார். ஊர் மன்னிக்கவில்லை. சந்தையில் டார்ப்பி தலை தெரிந்தால் ஜார்லத் கோயின் உதட்டைக் குவித்து, சூடான எதையோ உறிஞ்சுவதுபோல் நீளமாக ஒரு சத்தம் போடுவார். பக்கத்தில் நிற்கிறவர்கள் குனிந்து சிரிப்பார்கள். ஜார்லத்துக்கு வயசு எழுபது. அந்தச் சத்தத்தை அவர் தன் அப்பாவிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறும் மலாக்கி வந்தான். சுண்ணாம்புப் பிள்ளைகள் நடுவே அவன் கொஞ்சம் மெதுவாக நடந்ததை சபினா ஹெராட்டி பார்த்தாள். இந்த ஒரு தடவையாவது என்று நினைத்தானோ என்னவோ. பிள்ளைகள் விலகி வழி விட்டார்கள். அப்போது சபினாவின் மகள் டீலியா கூட்டத்திலிருந்து இரண்டு எட்டு முன்னால் வைத்து, அவன் கறுப்புக் கோட்டில் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே இழுப்பாகக் கோடு போட்டாள்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். மலாக்கி திரும்பினான். துரத்த வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. முகமெல்லாம் சிவந்துபோய் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னா முழிக்கிற? துரத்து!" என்றாள் டீலியா. "இல்லேன்னா இன்னொரு கோடு போடுவேன்."

அவன் சிரித்துவிட்டான். சபினா மகள் கையிலிருந்த சுண்ணாம்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

அடுத்த ஜனவரியில், கல்யாணப் பேச்சுக் காலம் தொடங்கியதும், டார்ப்பி வீட்டுக்காகத் தரகர் ஒருவர் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து விஸ்கி பாட்டிலோடு ஹெராட்டி வீட்டுக்கு வந்தார். உள்ளூர்த் தரகர் யாரும் வர ஒப்பவில்லை. சபினாவின் புருஷன் ஃபெஸ்டஸ் நல்ல மனுஷன்தான். மாடு கன்று போட்டால் யார் வீட்டுக்கும் கூப்பிடாமலே ஓடுவான். ஆனால் வந்தவர் பேரைச் சொன்னதும் பாட்டிலைத் திறக்கவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நீங்க தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க, உங்கமேல கோவமில்ல. அந்த வீட்டு அடுப்புல என் பொண்ணு எதக் கிண்டுவா? சூப்பா? எங்க தாத்தா புல்லைத் தின்னு வாயெல்லாம் பச்சையாகி ரோட்டோரம் செத்துக் கெடந்தாரு. கையெழுத்துப் போடல. தெரியுமா உங்களுக்கு?"

"எண்பது வருஷம் ஆச்சே ஃபெஸ்டஸ்..."

"எனக்கு ஆவல."

தரகர் பாட்டிலைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். ராச்சாப்பாட்டுக்கு நாலு பேரும் உட்கார்ந்தார்கள். ஃபெஸ்டஸ், மகன் டொமினிக், டீலியா, ரொட்டி அறுத்துக்கொண்டு சபினா. டீலியா அழவில்லை. அப்பாவைப் பார்க்கவுமில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"அம்மா, உனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லயா?"

"உங்கப்பா சொல்லிட்டாரே."

"அவரு சொன்னத நானும் கேட்டேன். உன்னத்தான் கேக்கறேன்."

சபினா ரொட்டியைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு என்ன தெரியும்?" என்றாள். நாலு துண்டு போதும். அவள் எட்டுத் துண்டு அறுத்திருந்தாள்.

அவளுக்குத் தெரியும்.

அவள் அப்பா கோல்மன் லாவெல் பஞ்சத்தின்போது ஏழு வயசுப் பையன். எண்பத்தொரு வயசில், சாவதற்கு இரண்டு நாள் முன்னால், மற்றவர்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு மகள் கையைப் பிடித்துக்கொண்டார். சாமியாரிடம் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்கிறாரோ என்று அவள் பயந்தாள். அவர் சொன்னது இதுதான்.

லாவெல் வீட்டில் அப்பன் கூலிக்குக் கல்லுடைக்கப் போய் அங்கேயே விழுந்து செத்தார். தாய் நோராவும் மூன்று பிள்ளைகளும் குடிசையில் கிடந்தார்கள். கடைக்குட்டி கத்துவதை நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் கற்சுவருக்குப் பின்னால் ஒரு தகரத் தூக்குவாளி இருந்தது. பாதிக்கு மேல் சூப். இன்னும் சூடு ஆறவில்லை. மறுநாளும் இருந்தது. வைத்துவிட்டுப் போனது யார் என்று பார்க்க கோல்மன் ஒருநாள் சுவர் இடுக்கில் ஒளிந்திருந்தான். வந்தது பீட்டர் டார்ப்பி.

கொட்டகையில் தலைக்கு இத்தனை கரண்டி என்று எண்ணித்தான் ஊற்றுவார்கள். டார்ப்பி வீட்டில் ஏழு தலை. ஏழு தலைக்கு வாங்கியதைப் பதினொரு தலைக்குப் பங்கு போட்டார் அந்த மனுஷன். அந்த வசந்தத்தில் அவருடைய கடைசிப் பெண் பிள்ளை செத்துப்போனாள். வாளி வருவது நிற்கவில்லை.

"எங்கம்மா என்ன பண்ணினா தெரியுமா?" என்று கேட்டார் கோல்மன். கண் கூரையில் இருந்தது. "அதே வாரம் பூசைக்குப் போற வழியில பீட்டர் எதுக்க வந்தாரு. ஊரே பாக்க எங்கம்மா அவரு காலடியில துப்பினா. வேதத்த வித்துத் தின்னவனேன்னு கத்தினா. அவரு ஒண்ணும் சொல்லல, தொப்பிய எடுத்துட்டு ஒதுங்கி நின்னாரு. மறுநாள் காலையில வாளி இருந்துச்சு. எங்கம்மா அத வெளக்கித் திருப்பி வெச்சா. நாங்க யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு ஜெபமாலை மேல சத்தியம் வாங்கினா. எழுபத்து நாலு வருஷமா வெச்சிருக்கேன், பொண்ணே. என்னால இத எடுத்துக்கிட்டுப் போக முடியல."

"சாமிகிட்ட சொல்லுங்கப்பா."

"சாமி டார்ப்பி இல்லயே."

போய் டார்ப்பி வீட்டில் சொல்லு என்று அவர் கேட்கவில்லை. அதையே சாக்காக வைத்துக்கொண்டு சபினாவும் வாயைப் பூட்டிக்கொண்டாள். ஹெராட்டி குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். புல்லைத் தின்று செத்தவரின் பேரன் அவளைக் கட்டியிருந்தான். தன் உடம்பில் ஓடுவது சூப்பு கொடுத்த ரத்தம் என்று அவனிடம் எந்த வாயால் சொல்வது? மகள் கேட்ட அந்த வேளையிலும் அந்தப் பயத்தில்தான் அவள் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீலியா ஏப்ரலில் பாஸ்டனுக்குக் கப்பலேறினாள். போகிறவளை வழியனுப்ப ஊர் கூடி விடிய விடியப் பிடில் வாசித்து ஆடினார்கள். திரும்பி வராதவர்களுக்கு அதுதான் வழக்கம், செத்தவர்களுக்கு விழித்திருப்பதுபோல. விடிந்ததும் டீலியா அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மாவின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள், அவ்வளவுதான். வண்டி திரும்பும்வரை சபினா கையை ஆட்டினாள். வண்டியில் இருந்தவள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடிதங்கள் வந்தன. எல்லாம் அப்பா பேருக்கு. பசு எப்படி இருக்கிறது, கழுதைக்குக் கால் சரியாயிற்றா, டொமினிக் இன்னும் குறட்டை விடுகிறானா என்றெல்லாம் விசாரித்திருப்பாள். கடைசியில் "அம்மாவுக்கும் சொல்லவும்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி வரும் இடம் தெரிந்து, ஃபெஸ்டஸ் வாசிக்கும்போது சபினா எழுந்து கோழிகளைப் பார்க்கப் போய்விடுவாள்.

இரண்டரை வருஷம் கழித்து, நவம்பர் மழையில், மலாக்கியின் தாய் வினி இறந்துபோனாள்.

ராஸ்கீலில் ஒரு சாவு என்றால் அடுப்புக்கு இரண்டு பக்கமும் ஆள் நெருக்கும். புகையிலை, டீ, பழைய கதை, செத்தவரைப் பற்றியே சிரிப்பு. டார்ப்பி வீட்டில் அன்று மத்தியானம் சபினா கதவைத் தள்ளியபோது, மலைக்கு அந்தப் பக்கத்து உறவுக்காரர்கள் இரண்டு பேர் மட்டும் மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். வருகிறவர்கள் புகைக்க வாங்கி வைத்த களிமண் சுங்கான்கள் தட்டில் அப்படியே இருந்தன. அவள் வினியின் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபித்தாள். எழுந்தபோது மலாக்கி டீயோடு நின்றான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

"ஒக்காருங்க சபினாம்மா. மழையில நனைஞ்சிட்டீங்க."

கோப்பையை வாங்கிக்கொண்டு அவள் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தாள். நிறுத்தினால் மறுபடி தொடங்கத் தைரியம் வராது என்று தெரியும்.

"மலாக்கி, உங்க தாத்தா எங்கப்பா வீட்டுக்கு..."

"தெரியும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாளிதானே? தெரியும். எங்கப்பா சொன்னாரு. உங்க வீடு மட்டுமில்ல, இன்னும் ரெண்டு மூணு வீடு. எந்தெந்த வீடுன்னு அப்பா சொல்லமாட்டாரு. நான் பள்ளிக்கூடத்துல அடிவாங்கிட்டு வந்து அழுத அன்னிக்கு உங்க வீட்ட மட்டும் சொன்னாரு. தாத்தா சத்தியம் வாங்கியிருந்தாராம். சாப்பிட்டவங்க சொன்னாச் சொல்லட்டும், நம்ம வாயிலேர்ந்து வரக் கூடாதுன்னு."

"அப்ப ஏன்டா..." சபினாவுக்கு மூச்சு வாங்கியது. "பொண்ணு கேட்டு ஆள் அனுப்பினியே, அன்னிக்காவது சொல்லியிருக்கலாமே! ஃபெஸ்டஸ் வாய அடைச்சிருக்கலாமே!"

"கல்யாணத்துக்கா சொல்றது? வாளிக்குப் பதிலாப் பொண்ணக் குடுன்னா?"

மலாக்கி அடுப்பில் ஒரு கரிக்கட்டியைத் தள்ளி வைத்தான். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினான்.

"டீலியாகிட்ட மட்டும் சொன்னேன். ஒரே ஒரு தடவை. சொல்லியிருக்கக் கூடாது. 'உங்கம்மாவுக்குத் தெரியுமோ தெரியாதோ'ன்னு அவகிட்ட கேட்டேன். 'தாத்தா சாவறப்ப அம்மாவ மட்டும் உள்ள வெச்சுக்கிட்டாரு, கண்டிப்பாத் தெரியும்'ன்னா. 'நானாக் கேக்கமாட்டேன் மலாக்கி, தரகர் வர்ற அன்னிக்கு அம்மாவே சொல்லும் பாரு'ன்னா. ரொம்ப நம்பிக்கையாச் சொன்னா."

மூலையில் இருந்த உறவுக்காரர்களில் ஒருவர் இருமினார். சபினா கோப்பையைக் கீழே வைத்தாள். டீ ஒரு வாய்கூடக் குறையவில்லை. அன்று ரொட்டிக் கத்தியோடு உட்கார்ந்திருந்த தன்னையே டீலியா பார்த்த பார்வையை அவள் இத்தனை நாளும் கெஞ்சல் என்று நினைத்திருந்தாள். பிள்ளை கெஞ்சவில்லை. காத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் தெரிந்தே காத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு என்ன தெரியும்?" என்ற வார்த்தை அவள் காதில் எப்படி விழுந்திருக்கும்!

சபினா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். சாவு வீடுதானே, அழுதால் யாரும் எதற்கென்று கேட்கமாட்டார்கள். இரண்டரை வருஷத்து அழுகை அது.

மறுநாள் பூசைக்கு ஊர் வந்தது. சாமியாருக்குப் பயந்து வந்தது. பூசை முடிந்து சவப்பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து இரண்டு நாற்காலிகள் மேல் வைத்தார்கள். கல்லறைக்குப் போகும் பாதை மழையில் களிமண் குழம்பாகிக் கிடந்தது. வண்டிச் சக்கரம் அச்சு வரை புதையும். தோளில்தான் தூக்க வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, மேடேறும்போது மாற்றுவதற்கு இன்னும் நாலு. மலாக்கியோடு சேர்த்து மூன்று தோள்தான் இருந்தது. ஆண்கள் கோயில் சுவரோரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

சபினா சவப்பெட்டியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"டொமினிக், வா."

மகன் அப்பாவைப் பார்த்தான். ஃபெஸ்டஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, "சபினா, வீட்டுக்கு நட" என்றான்.

"போறேன். ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்." குரல் நடுங்கியது. ஆனால் சுவர் வரைக்கும் கேட்டது. "எங்கப்பா கோல்மன் லாவெல் டார்ப்பி வீட்டுச் சூப்பு குடிச்சுத்தான் உசுரு பொழச்சாரு. எங்கத்தைங்க ரெண்டு பேரும் அப்படித்தான். பீட்டர் டார்ப்பி தன் புள்ளைங்க வாயிலேர்ந்து எடுத்து தெனம் காலையில எங்க சுவத்துக்குப் பின்னால வெச்சிட்டுப் போனாரு. அவரு புள்ள செத்துப்போச்சு. நாங்க பொழச்சோம். பொழச்சு வந்து அவரு காலடியில துப்பினோம். எனக்குப் பத்து வருஷமாத் தெரியும். தெரிஞ்சே இருந்தேன். டொமினிக், நீ நிக்கற காலு அந்தச் சூப்பு. வந்து தோள் குடு."

ஃபெஸ்டஸ் முகம் வெளிறிப்போயிருந்தது. டொமினிக் தொப்பியைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு முன்னால் வந்தான். நாலு தோள் ஆயிற்று.

பெட்டி எழும்பியது. பத்தடி போயிருக்காது. சுவரோரத்திலிருந்து ஜார்லத் கோயின் புறப்பட்டு வந்தார். எழுபத்து மூன்று வயசு, ஒரு பக்கம் சாய்ந்து நடப்பவர். யாரையும் பார்க்காமல் பெட்டியின் பின்பக்கம் போய், அங்கிருந்த உறவுக்காரரின் கையைத் தட்டிவிட்டு, தன் தோளை அடியில் கொடுத்தார்.

"தாத்தா, உங்களால முடியாது" என்றான் டொமினிக்.

"பேசாம நடடா."

அவர் எதற்காக வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. எந்தெந்த வீடு என்று பீட்டர் டார்ப்பி பேர் சொல்லவில்லையே. பாதி மேட்டில் கிழவருக்கு மூச்சு முட்டியபோது, மாற்றிவிட ஆறேழு பேர் வந்துவிட்டார்கள். ஃபெஸ்டஸ் வரவில்லை. ஆனால் வீட்டுக்கும் போகவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் தனியாக மேடேறி வந்து, குழி மூடும்வரை மழையில் நின்றான்.

திரும்பி வரும்போது புருஷன் முன்னாலும் பெண்டாட்டி பின்னாலுமாக நடந்தார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான் அவன் கடைசியில்.

"சொல்லியிருந்தா?"

அவன் நேர்மையாகவே யோசித்தான். "வாய மூடுன்னுதான் சொல்லியிருப்பேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. ஊர் டார்ப்பிகளைச் சூப்புக்காரர்கள் என்று சொல்வதை விட்டுவிட்டது. வேறு என்ன சொல்வது என்றும் அதற்குத் தெரியவில்லை. சந்தையில் மலாக்கி வந்தால் ஒரு கணம் எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள், பிறகு யாராவது மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

சபினா மகளுக்கு எழுதினாள். நாலு தடவை எழுதிக் கிழித்து ஐந்தாவதை அனுப்பினாள். பதில் மார்ச் கடைசியில் வந்தது. உறையின்மேல் முதல்முறையாக அவள் பேர். அதை எடுத்துக்கொண்டு அவள் டார்ப்பி நிலத்துக்குப் போனாள். மலாக்கி கிழங்கு விதைத்துக்கொண்டிருந்தான்.

"டீலியா எழுதியிருக்கா."

அவன் மண்வெட்டியை ஊன்றி நின்றான். "நல்லா இருக்காளா?"

"இருக்கா." மீதியையும் சொல்லியாக வேண்டும். இனி எதையும் ஒளிக்கிறதில்லை என்று அவள் தீர்மானித்திருந்தாள். "கல்யாணம் ஆயிடுச்சாம். டிராம் ஓட்டறவராம். கெர்ரிக்காரராம். அப்பாவுக்குக்கூட எழுதல, இப்பத்தான் எனக்கு எழுதியிருக்கா."

"எப்போ?"

"அக்டோபர்ல."

அவன் மனசுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. அவன் அம்மா செத்ததும், சபினா வாய் திறந்ததும் நவம்பர்.

"என்னப் பத்தி எழுதியிருக்காளா?"

சபினா கடிதத்தைப் பிரித்தாள். கண்ணாடி கொண்டுவரவில்லை. ஆனால் அந்த இடம் அவளுக்கு மனப்பாடம். "'நீ சொன்னது சந்தோஷம்மா. நான் அங்க இருந்தப்பவே நீ சொல்லுவன்னு நெனச்சேன். பரவால்ல. மலாக்கிகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு'ன்னு எழுதியிருக்கா."

மலாக்கி தலையாட்டினான். கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்தான். பிறகு குனிந்து அடுத்த குழியைத் தோண்டினான். விதைக்கிழங்குச் சாக்கு அவனுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. சபினா கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு சாக்கை இழுத்து வந்தாள். அவன் தோண்டத் தோண்ட, அவள் முளைக்கண் மேல் பார்க்கும்படி ஒவ்வொன்றாகக் குழியில் வைத்துக்கொண்டே போனாள்.